ஒற்றைச் செருப்போடு வந்த பெரியப்பா: கட்டைவிரலிலிருந்து மூளைக்கு ஒரு நரம்பு

போன வருடம் ஒரு நாள் பெரியப்பா கோயிலுக்குப் போய்விட்டு ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார். வலது காலில் செருப்பு இருக்கிறது, இடது கால் வெறுங்கால். கோயில் வாசலில் விட்டதைச் சரியாகத்தான் மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார், வழியில் எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது, அவருக்கு அது தெரியவே இல்லை. பத்தரை மணி வெயிலில் தார் ரோட்டில் வெறும் பாதம் பட்டு நடந்தும் தெரியவில்லை. பெரியம்மா "மறதி முத்திப்போச்சு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை. "நரம்புல கோளாறு இருக்கும் பெரியப்பா, டாக்டர்கிட்ட காட்டிடலாம்" என்றேன். அவர் வேட்டியைத் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினார். நீலமும் பச்சையுமாகச் சுருண்டு சுருண்டு கிடந்தது. "நரம்பெல்லாம் நல்லாத்தானேடா இருக்கு, எப்படிப் புடைச்சுக்கிட்டு நிக்குது பாரு."

அது நரம்பே இல்லை. அது சிரை, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். ஆனால் பெரியப்பாவைக் குறை சொல்ல முடியாது, நம் மொழியில் 'நரம்பு' என்ற ஒரு சொல்லே எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறது. டிரிப்ஸ் ஏற்றினால் "நரம்புல ஊசி போட்டாங்க", அது சிரை. குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி தட்டுப்படுவது "நரம்பு", அது தசையை எலும்போடு கட்டும் நாண். ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் "நரம்பு இழுத்துக்கிச்சு", அது தசை. யாழின் தந்திக்கும் பழைய தமிழில் நரம்பு என்றுதான் பெயர். கிரேக்கர்களும் இதே கதைதான்: இன்றைக்கு நரம்புச் செல்லை நியூரான் என்கிறோமே, அந்தச் சொல்லுக்கு அவர்களிடம் முதலில் நாண், வில்லின் கயிறு என்றுதான் பொருள். உடம்பை அறுத்துப் பார்த்தவர்களுக்கு வெள்ளையாக, நீளமாக, இழுத்தால் விறைக்கிற எல்லாமே ஒன்றுபோலத் தெரிந்திருக்கிறது.

உண்மையான நரம்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. தோலுக்கு அடியில், தசைகளுக்கு நடுவில், வெளிர்மஞ்சள் கலந்த வெள்ளையில் ஒரு கயிறு. உள்ளே திரவம் எதுவும் ஓடாது. பிரித்தால் ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள், கட்டுக் கட்டாக, ஒவ்வொரு கட்டுக்கும் தனி உறை. தொட்டுப் பார்க்க ஆசையிருந்தால் முழங்கையின் உட்பக்கம் துருத்தும் எலும்புக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் விரலை வைத்து உருட்டிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு ஒரு கயிறு ஓடும். அல்னார் நரம்பு. மேசை முனையில் முழங்கையை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை கரண்ட் அடித்த மாதிரி இருக்குமே, அந்த இடம்.

சரி, நரம்பு மண்டலத்துக்கு வருவோம். பாடப்புத்தகத்தில் இது எப்போதும் ஒரு மரப்படமாகத்தான் வரும்: மைய நரம்பு மண்டலம், புற நரம்பு மண்டலம், தானியங்கி நரம்பு மண்டலம்; மூளையிலிருந்து 12 ஜோடி, தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி. நானும் மனப்பாடம் செய்து ஒப்பித்தவன்தான், ஒன்றும் ஒட்டவில்லை. மூளையிலிருந்து ஆரம்பிப்பதுதான் தப்பு என்று இப்போது நினைக்கிறேன். பெரியப்பா கால் கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்து, ஒரே ஒரு இழையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினால் இந்த மண்டலத்தின் பாதி ரகசியம் கைக்கு வந்துவிடும்.

கட்டைவிரலின் அடித்தோலில் தொடுகையை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அங்கே கிளம்பும் இழை உள்ளங்கால் வழியாக வந்து, உட்பக்கக் கணுக்கால் மொட்டுக்குப் பின்னால் வளைந்து, கெண்டைக்கால் தசைக்குள் ஆழமாக ஏறி, முழங்காலின் பின்மடிப்பைக் கடந்து, தொடையின் பின்பக்கம் சயாடிக் நரம்பாகப் போகிறது. உடம்பிலேயே தடித்த நரம்பு அதுதான், புட்டத்தில் கட்டைவிரல் அகலம் இருக்கும். அங்கிருந்து இடுப்பெலும்புக்குள் நுழைந்து, முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஒரு துவாரத்துக்கு வருகிறது. அந்தத் துவாரத்தில் ஒரு சின்னப் புடைப்பு இருக்கிறது. இந்த இழைக்குச் சொந்தமான செல்லின் உடல் அங்கேதான் குடியிருக்கிறது.

இங்கேதான் எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியம் தாங்காது. கட்டைவிரலில் ஆரம்பித்தது, இந்தப் புடைப்பில் இருப்பது, இங்கிருந்து தண்டுவடத்தின் பின்பக்கமாக மேலே ஏறி, பிடரிக்கு உள்ளே மூளையின் அடித்தண்டான முகுளத்தில் போய் முடிவது, மூன்றும் ஒரே செல். நடுவில் ஒரு ஒட்டுகூட இல்லை. செல்லின் உடல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது, ஆனால் அதன் இழை உயரமான ஆளுக்கு ஒன்றரை மீட்டர் வரை வரும். அந்த உடலைத் தேங்காய் அளவுக்குப் பெரிதாக்கினோம் என்றால் அதன் இழை இரண்டு கிலோமீட்டரைத் தாண்டி நீளும்.

நிலைப்படியில் கால்விரலை இடித்துக்கொள்ளும் அந்த நொடியை நினைத்துப் பாருங்கள். முதலில் 'டக்' என்று இடித்தது தெரியும். கூடவே சுள்ளென்று ஒரு வலி. அப்புறம் ஒரு சின்ன இடைவெளி. 'ஐயோ, இனிமேல்தான் இருக்கு' என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்போமே, அந்த இடைவெளி. அதற்கப்புறம் விண்விண் என்று நிஜ வலி வந்து சேரும். ஒரே இடியை மூன்று வகை இழைகள் மூன்று வேகத்தில் கொண்டுபோகின்றன. தொடுகையைச் சுமக்கும் தடித்த இழையில் செய்தி நொடிக்கு 50 மீட்டர் போல ஓடும். சுள்ளென்ற வலிக்குரிய மெல்லிய இழையில் 5 முதல் 30 மீட்டர். பின்னால் வரும் வலிக்கான இழைக்குக் கொழுப்பு உறையே கிடையாது (அந்த உறை எதற்கு என்று அப்புறம் சொல்கிறேன்), நொடிக்கு ஒரு மீட்டர்தான், நாம் நடக்கிற வேகம். காலிலிருந்து முதுகு வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் என்றால் காத்திருந்த நேரம் ஒரு நொடி, கணக்கு சரியாக வருகிறதா? இடித்ததும் கை தானாகப் போய் விரலைத் தேய்ப்பதற்கும் காரணம் இருக்கிறது. தடித்த இழைகளின் செய்தி தண்டுவடத்துக்குள் வலியின் செய்தியை அமுக்குகிறது என்று 1965-இல் மெல்சாக், வால் என்ற இருவர் சொன்னார்கள். நுணுக்கங்கள் அப்புறம் நிறையத் திருத்தப்பட்டன, ஆனால் தேய்த்தால் குறைகிறது என்பது நமக்கே தெரிந்ததுதான்.

இந்த வேகத்தை அளக்கவே முடியாது என்றுதான் ஒரு காலத்தில் நினைத்திருந்தார்கள். ஜெர்மனியில் யோகன்னஸ் முல்லர் என்ற பெரிய உடலியல் பேராசிரியர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850 வாக்கில் தவளைக் காலின் நரம்பை வைத்து அளந்தே காட்டிவிட்டார், நொடிக்கு 30 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மின்னல் வேகம் என்று எல்லோரும் எண்ணியிருந்தது பந்தயக் குதிரையைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான்.

தடித்த இழை வேகமாக ஓடுவதற்குக் காரணம் அதைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்பு உறை. கரண்ட் ஒயரின் பிளாஸ்டிக் போல என்று சொல்வார்கள், ஆனால் அது முழுக்கச் சரியில்லை, ஏனென்றால் இந்த உறை தொடர்ச்சியாக இருக்காது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு இடைவெளி விட்டு விட்டுத்தான் சுற்றியிருக்கும், செய்தி இடைவெளிக்கு இடைவெளி தாவிக்கொண்டு போகும். புற நரம்பில், அதாவது மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே ஓடும் நரம்பில், ஒவ்வொரு துண்டு உறையையும் ஷ்வான் செல் என்று தனியாக ஒரு செல் சுற்றுகிறது. அப்படியென்றால் பெரியப்பாவின் ஒரே இழைக்கு, காலில் மட்டும், ஆயிரம் வேலையாட்கள் வரிசையில் நிற்கிறார்கள். தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் இந்தப் பொறுப்பு வேறு வகைச் செல்லுக்குப் போய்விடும். இது ஏதோ நிர்வாக மாற்றம் போலத் தெரிகிறது, ஆனால் விளைவு பெரிது. கையில் நரம்பு அறுபட்டால் ஷ்வான் செல்கள் பாதை போட்டுக் கொடுக்க, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் போல மறுபடி வளரும். தண்டுவடம் அறுபட்டால் அப்படி வளராது.

இப்போது பெரியப்பாவின் செருப்புக்கு வருகிறேன். இழைக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பகுதி முதுகுப்பக்கத்துச் செல் உடலில்தான் தயாராகிறது. தயாரானதைக் கட்டைவிரல் வரை சுமந்து போக வேண்டும். அதற்கென்றே இழைக்குள் தண்டவாளம் மாதிரி நுண்குழாய்களும், அவற்றின் மேல் மூட்டை தூக்கி நடக்கும் புரதங்களும் இருக்கின்றன. அவசரச் சரக்கு நாளுக்கு 40 சென்டிமீட்டர் வரை போகும், கட்டைவிரலை அடைய இரண்டரை நாள். இழையின் எலும்புக்கூடான புரதங்களோ நாளுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் நகரும், அந்தக் கணக்கில் முதுகிலிருந்து புறப்பட்டது விரலுக்குப் போய்ச் சேர ஒன்றரை வருடத்திலிருந்து மூன்று வருடம் வரை ஆகலாம். ரத்தத்தில் சர்க்கரை வருடக்கணக்காக ஏறிக்கிடந்தால் நரம்புக்கு உணவு தரும் நுண்ணிய ரத்தக் குழாய்களும் கெடுகின்றன, இழையின் உள்வேலையும் கெடுகிறது. எந்த இழை முதலில் தடுமாறும்? மிக நீளமானது. கடைசி ஊருக்குப் போகிற தண்ணீர்க் குழாய் மாதிரி, எங்கே அழுத்தம் குறைந்தாலும் முதலில் காய்வது அந்தக் கடைசி வீட்டுக் குழாய்தான். அதனால்தான் மதமதப்பு இரண்டு கால்விரல்களிலும் ஆரம்பித்து, பாதம், கணுக்கால் என்று மேலே ஏறுகிறது. முழங்கால் உயரத்தை எட்டும் சமயத்தில்தான் கைவிரல் நுனிகளிலும் தொடங்கும், ஏனென்றால் முதுகிலிருந்து முழங்காலுக்கும் கழுத்திலிருந்து விரல்நுனிக்கும் நீளம் ஏறக்குறைய ஒன்று. 'காலுறை கையுறை' என்று மருத்துவர்கள் இந்தப் பரவலைச் சொல்வார்கள். எனக்கு இது அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரித் தெரிகிறது.

நீளம் காரணமில்லாமல் நரம்பு சாவது எப்படியிருக்கும் என்பதற்குத் தொழுநோய் ஒரு எதிர்க்கணக்கு. அந்தக் கிருமிக்கு உடம்பின் குளிர்ச்சியான இடங்கள்தான் பிடிக்கும், ஷ்வான் செல்லுக்குள் புகுந்துகொள்ளும். ஆகவே அது தேடிப்போவது தோலுக்குப் பக்கத்தில் ஓடும் நரம்புகளை: முழங்கையில் அல்னார், முழங்காலின் வெளிப்பக்கம், கணுக்கால், முகம். விரல்கள் கொக்கியாக மடங்கிப் போவது அல்னார் செத்ததால். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1940-களின் பிற்பகுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தக் கைகளுக்கு நாண்களை இடம் மாற்றி வைத்து அறுவை சிகிச்சை செய்தார், அந்தத் துறையில் அவர்தான் முன்னோடி. விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்றுதான் அதுவரை எல்லோரும் நம்பியிருந்தார்கள். ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை, தொழுநோய் இருந்த ஒரு சிறுவன் வந்து சாவியை ஒரே திருகு திருகித் திறந்துவிட்டான். பார்த்தால் தரையில் ரத்தம். சாவி விரலை எலும்பு தெரியும் வரை கிழித்திருக்கிறது, பையனுக்குத் தெரியவில்லை. வலி இல்லாத கை தன்னைத்தானே தேய்த்துத் தீர்த்துக்கொள்கிறது என்று அவர் கண்டு சொன்னதுதான் பின்னாளில் சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைக் காப்பாற்றும் வைத்தியத்துக்கும் அடிப்படையானது.

மறுபடி நம் இழையைப் பிடித்து மேலே ஏறுவோம். முதுகெலும்பின் கீழ்க்கோடியில் நுழைந்ததும் தண்டுவடம் வந்துவிடும் என்று நினைப்போம். வராது. கருவில் மூன்றாம் மாதத்தில் தண்டுவடம் முதுகெலும்பின் முழு நீளத்துக்கும் இருக்கும். அப்புறம் எலும்பு வேகமாக வளர்ந்துவிட, தண்டுவடம் பின்தங்கிவிடும். பெரியவர்களுக்கு அது கடைசி விலா எலும்பைத் தாண்டிக் கொஞ்சம் கீழே, இடுப்புப் பகுதியின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவிலேயே முடிந்துவிடுகிறது, மொத்தம் 45 சென்டிமீட்டர், சுண்டுவிரல் கனம். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் தண்டுவடத்தை நோக்கி ஏறும், அதிலிருந்து இறங்கும் நரம்பு வேர்களின் கொத்து. குதிரைவால் என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், பார்க்கவும் அப்படித்தான் இருக்கும்.

சிசேரியனுக்கு முதுகில் ஊசி போடும்போது "தண்டுவடத்துல குத்திட்டா என்ன பண்றது" என்று பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஊசி போகும் இடத்தில் தண்டுவடமே கிடையாது. நீரில் மிதக்கும் நூல்கள் மாதிரி வேர்கள் ஊசிக்கு விலகிக் கொடுக்கும். 1898-இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பீர் என்ற மருத்துவர் இதை முதலில் நோயாளிகளுக்குச் செய்தார், அப்புறம் தானும் உதவியாளரும் ஒருவருக்கொருவர் போட்டுப் பார்த்தார்கள். மரத்துப்போன உதவியாளரின் முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் அடித்துப் பார்த்தார்களாம், சுருட்டால் சுட்டும் பார்த்தார்களாம், வலிக்கவில்லை. அடுத்த சில நாட்கள் பீர் தலைவலியில் படுத்துக் கிடந்தார். ஊசித்துளை வழியாகத் தண்டுவட நீர் கசிந்தால் வரும் அந்தத் தலைவலி இன்றைக்கும் சிலருக்கு வருகிறது, ஆனால் மெல்லிய ஊசிகள் வந்தபிறகு மிகவும் குறைந்துவிட்டது.

'ஜவ்வு விலகிடுச்சு' என்கிறோமே, அது நடப்பதும் இந்தப் பக்கம்தான். விலகிய டிஸ்க், வேர் வெளியே போகும் வழியில் அதை அழுத்துகிறது. அழுத்துவது இடுப்பில், ஆனால் வலி பாதத்தில். ஏனென்றால் அந்த வேரில் வரும் எந்தச் செய்தியையும் மூளை 'கால் பேசுகிறது' என்றுதான் எடுத்துக்கொள்ளும், ஒயரை நடுவில் யார் தட்டினார்கள் என்று அதற்குத் தெரியாது. ரிப்போர்ட்டில் எல்-5 வேர் என்று இருந்தால் பாதத்தின் மேல்பக்கமும் கட்டைவிரலும் வலிக்கும், அதற்கு அடுத்த வேரான எஸ்-1 என்றால் பாதத்தின் வெளியோரமும் சுண்டுவிரலும். காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இருந்தால் ஆகாது என்பது இதனால்தான். ஒரு விஷயத்தை மட்டும் தள்ளிப்போடக் கூடாது: இடுப்புவலியோடு மலவாய், பிறப்புறுப்புப் பகுதி மரத்துப்போய்ச் சிறுநீர் போக முடியவில்லை என்றால் அது குதிரைவால் மொத்தமாக நெரிபடுகிற அறிகுறி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தண்டுவடத்துக்குள் உணர்ச்சி வேர்கள் பின்பக்கமாக நுழையும், தசையை அசைக்கும் வேர்கள் முன்பக்கமாக வெளியேறும். இதை 1822-இல் பிரான்சின் மஜாண்டி தெளிவாகக் காட்டினார், இங்கிலாந்தின் சார்லஸ் பெல் 'நான்தான் முதலில்' என்று சண்டைக்கு வந்தார், கடைசியில் விதிக்கு இருவர் பெயரையும் சேர்த்து வைத்துவிட்டார்கள். அதைவிட வேடிக்கை உள்ளே நடக்கிறது. தொடுகையும் அதிர்வும் நுழைந்த பக்கமாகவே மேலே ஏறி முகுளத்தில்தான் எதிர்ப்பக்கம் தாண்டும். வலியும் சூடும் நுழைந்த கொஞ்ச உயரத்திலேயே எதிர்ப்பக்கம் தாண்டிவிடும். அதனால் கத்திக்குத்தில் தண்டுவடத்தின் ஒரு பாதி மட்டும் அறுபட்ட ஆளுக்கு, அந்தப் பக்கக் கால் அசையாது, ஆனால் சுட்டால் தெரியும். மறுபக்கக் கால் நன்றாக அசையும், சுட்டால் தெரியாது.

முகுளத்தில் நம் இழை தன் செய்தியை அடுத்த செல்லிடம் கொடுத்துவிடுகிறது. அது எதிர்ப்பக்கம் தாண்டிப் போய், மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸில் மூன்றாவது ஆளிடம் கொடுக்க, அங்கிருந்து பெருமூளையின் மேற்பரப்புக்கு. கட்டைவிரலுக்குக் கடைசியில் கிடைக்கும் இடம் உச்சந்தலைக்கு நேர் கீழே, இரண்டு பாதி மூளைகளும் ஒன்றையொன்று பார்க்கும் உள்சுவரில். கையும் முகமும் வெளிப்பக்கத்தில் பெரிய மனை பிடித்து உட்கார்ந்திருக்கின்றன. வெளிப்பக்கத்துக்கு ரத்தம் தரும் தமனிதான் பக்கவாதத்தில் அதிகம் அடைபடுவது, ஆகவேதான் வாய் கோணுவதும் கை விழுவதும் முதலில் கண்ணில் படுகின்றன. மூளையின் மொத்த நியூரான்கள் ஏறக்குறைய 8,600 கோடி, அதில் 6,900 கோடி பின்னால் இருக்கும் சிறுமூளையில். சிந்திக்கிற பெருமூளை மேற்பரப்புக்கு வெறும் 1,600 கோடிதான் என்பதை முதலில் படித்தபோது எனக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பெரியப்பாவை ஒரு வழியாக டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஸ்கேன் எதுவும் இல்லை. முதலில் தூரிகை முடி மாதிரி ஒரு நைலான் இழை, 10 கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும்படி செய்தது, அதைப் பாதத்தில் அங்கங்கே வைத்துத் தெரிகிறதா என்று கேட்டார். அப்புறம் நாம் பள்ளிக்கூட இயற்பியல் வகுப்பில் பார்த்த இசைக்கவை, நொடிக்கு 128 அதிர்வு. அதிர்வை மேலே கொண்டுபோவது இவ்வளவு நேரம் நாம் பிடித்துக்கொண்டு ஏறிய அந்த நீளமான இழைதான். பெரியப்பாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, கவையைத் தட்டி, இடது கட்டைவிரல் எலும்பின் மேல் வைத்தார். எனக்கு அந்த ரீங்காரம் இரண்டடி தள்ளிக் காதில் கேட்டது. பெரியப்பா பேசாமல் உட்கார்ந்திருந்தார். டாக்டர் எடுத்து, மறுபடி தட்டி, கணுக்கால் மொட்டில் வைத்தார். அதற்கும் பதில் இல்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பில் வைத்ததும், "ஆங், இப்ப ஆரம்பிச்சிருக்கீங்க" என்றார் பெரியப்பா.